யார் சொல்லிக் கொடுத்தது?

வந்தவாசிக்குப் பக்கத்தில் பொன்னூரில் ஆதிநாதர் கோயில் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் கோயில். அங்கே 18ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்சுவநாதர், ஜ்வாலாமாலினி திருமேனிகளை நீலகிரி என்ற குன்றுக்கு எடுத்துச் சென்று, அங்கே சமண ஆசாரியரான ஏலாச்சாரியாருக்கு நடக்கும் வார வழிபாட்டில் வைக்க வேண்டும் என்று ஊர்ச் சமணர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டை அது சொல்கிறது. எந்தத் திருமேனிகள், எந்தக் கிழமை, எந்தக் குன்று, யார் பொறுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. ஏன் ஞாயிறு என்பது மட்டும் இல்லை. அன்றைக்கு அது எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். ஒருவருக்குமே தெரியாமலும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் திருமேனிகள் குன்றுக்குப் போயிருக்கும். கல்லில் வெட்டியவருக்குக் காரணம் தேவைப்படவில்லை. இன்று படிக்கிற நமக்குத்தான் அது இல்லாதது உறுத்துகிறது.

வீட்டு வழக்கங்களும் இப்படித்தான். செவ்வாய் வெள்ளியில் கைக்காசை வெளியே கொடுப்பதில்லை. விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் இரவல் தருவதில்லை. புறப்பட்டுப் படியிறங்குகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. செய்கிறவரிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு தயக்கம் வரும், அப்புறம் ‘எங்க வீட்டு வழக்கம்’ என்பார். நாட்டார் வழக்காறுகளைச் சேகரிக்கப் போகிறவர்களில் பலர் இந்தப் பதிலைத் தோல்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டிக்கு உண்மை தெரியவில்லை, நாமே கண்டுபிடித்துக்கொள்வோம் என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். என் கருத்தில், பாட்டி சொன்னதுதான் முழுப் பதில். வீட்டு வழக்கத்துக்கு அதிகாரம் அதன் பொருளிலிருந்து வருவதில்லை, அதைக் கொடுத்துவிட்டுப் போன மனுஷியிடமிருந்து வருகிறது. அப்படியானால் சேகரிப்பவர் கேட்க வேண்டிய கேள்வியே வேறு: யார் சொல்லிக் கொடுத்தது?

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க வந்தவாசி வட்டாரத்தைவிட நல்ல இடம் அமைவது கடினம். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் 1760 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்த போர்க்களம். அந்த ஒரு நாளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு இது கோரைப்பாய் ஊர். பாய் நெசவில் பெரும்பகுதி இஸ்லாமியக் குடும்பங்கள் கையில்தான் வளர்ந்தது. அவர்கள் நெய்த பாய் இந்து வீட்டு முகூர்த்தத்துக்கும் போகும், தொழுகைக்கும் விரியும். படுத்தெழுந்த பாயைச் சுருட்டாமல் விட்டால் மூதேவி வந்து படுப்பாள் என்கிற வீட்டுக்கு, அந்தப் பாயை நெய்த கை எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறது என்பது ஒரு பொருட்டே அல்ல. சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருட்டிய பிறகு உண்ணாத சமணக் குடும்பங்கள் இருக்கின்றன. அஸ்தமன நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் கைக்குழந்தையோடு நின்று, தொழுகை முடித்து வருகிறவர்களிடம் ஓதி ஊதச் சொல்கிற இந்துத் தாய்மார்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. கொஞ்சம் மேற்கே ஆரணியில் பட்டுத்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அமாவாசையன்று தறி ஓடாது. புதுப் பாவு ஏறும்போது மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். இந்த வழக்கங்களை மதவாரியாகப் பிரித்து அடுக்க முயல்பவர் சீக்கிரமே களைத்துப்போவார். நூல்கள் வகுத்த எல்லைக்கோடு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது.

நூலிலேயே இடமில்லாதது ஒன்றும் இங்கே உண்டு. வந்தவாசி, செய்யாறு, செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். கடைசிக் கட்டம் படுகளம். துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகத் தரையில் மல்லாக்கக் கிடத்தியிருப்பார்கள். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பார், திரௌபதி கூந்தல் முடிப்பாள். எல்லாம் முடிந்ததும் சனங்கள் அந்த உருவத்தின் மண்ணைப் பிடிப்பிடியாக எடுத்துக்கொண்டு போய் வீட்டிலும் நெல் வைக்கிற இடத்திலும் வைப்பார்கள். கதைப்படி அவன் வில்லன். அவன் மண் எதற்கு நெற்குதிரில்? வியாசரிடமும் வில்லிபுத்தூராரிடமும் இதற்குப் பதில் கிடையாது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இந்த வழிபாட்டைப் பற்றி 1988இலும் 1991இலும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். போர்க்களமே வேள்விக்களம் என்கிற அவருடைய விளக்கம் அருமையானது. ஆனால் அது அவருடைய விளக்கம். மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு போகிற பெண்ணுக்கு அது தேவையில்லை. போன வருஷம் மாமியார் எடுத்துப் போனார், இந்த வருஷம் அவருக்கு நடக்க முடியவில்லை, இவள் வந்திருக்கிறாள். அவள் செய்கைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கண்ணேறு கழிப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கல்லுப்பு ஒரு பிடி, காய்ந்த மிளகாய், கொஞ்சம் கடுகு, முச்சந்தி மண் ஒரு சிட்டிகை, சில வீடுகளில் துடைப்பக் குச்சியும் சேரும். குழந்தையைக் கிழக்குப் பார்க்க உட்கார வைத்து, வீட்டில் மூத்தவள் இடம் வலமாக மூன்று சுற்று, வலம் இடமாக மூன்று சுற்று சுற்றுகிறாள். ஊரில் உள்ள கண்ணையெல்லாம் பெயர் சொல்லி அடுக்கும் வாசகம் வாய்க்குள் ஓடுகிறது. குழந்தை மூன்று முறை துப்ப வேண்டும். பிறகு அத்தனையும் அடுப்பில். மிளகாய் வெடித்தும் நெடி ஏறவில்லை என்றால் கண்பட்டது உண்மை என்று தீர்மானம். இருமல் வந்துவிட்டால்? அவ்வளவாகப் படவில்லை, அதுவும் கழிந்தது. இரண்டு வழியிலும் தோற்காத சோதனை இது. இதை வைத்துச் சிரிப்பது சுலபம். ஆனால் வீட்டுக்கு வீடு இதில் எது மாறுகிறது என்று கவனியுங்கள். மிளகாயின் எண்ணிக்கை மாறும், சுற்றும் திசை மாறும், வாசகம் மாறும். பக்கத்து வீட்டு முறை தவறு என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. ‘எங்க அம்மா இப்படித்தான் சுத்துவாங்க’ என்பதோடு விஷயம் முடிந்துவிடும். ஒரு கொள்கையை நம்புகிறவர்களிடம் இந்தத் தாராளத்தை எதிர்பார்க்க முடியாது. கொள்கை என்றால் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். அம்மாக்கள் பலர் இருக்கலாம்.

இதே சடங்குக்கு இப்போது வாட்ஸ்அப்பில் காரணம் வந்துவிட்டது. மிளகாய்ப் புகை கிருமிகளைக் கொல்லுமாம். வாசலில் சாணி தெளிப்பதற்கும், வடக்கே தலை வைக்காததற்கும், மெட்டி போடுவதற்கும் இப்படித் தயாராக ஓர் அறிவியல் உண்டு. முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல என்று முடிகிற செய்திகள் இவை. முன்னோரைக் காப்பாற்றப் புறப்பட்டு அவர்களை மாறுவேஷக் கிருமிநாசினி விற்பவர்களாக ஆக்கிவிடுகின்றன. இந்தப் பழக்கம் புதிதல்ல. வேத விதிகளுக்குப் பொருள் ஆராய்ந்த மீமாம்சகர்களுக்கும் இதே சங்கடம் இருந்தது. கீழை நாட்டார் கொண்டாடும் ஹோலாகா பண்டிகைக்கு வேதத்தில் ஆதாரம் எங்கே என்று ஜைமினி சூத்திர மரபு விசாரித்தது. பெரியோர் தொடர்ந்து செய்து வருவதால் அதற்கு ஆதாரமாக ஒரு வேதவாக்கியம் இருந்திருக்க வேண்டும், நமக்கு இப்போது கிடைக்காததை அனுமானித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். அதோடு, வேதவாக்கியம் என்று வந்துவிட்டால் அது ஒரு திசைக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது, எல்லோருக்கும் பொது என்றும் சொன்னார்கள். எவ்வளவு கூர்மையான தர்க்கம் பாருங்கள். வழக்கம் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் ஒரு வாக்கியம் வேண்டும். இல்லையென்றால் இருந்ததாக வைத்துக்கொள்வோம். தொலைந்துபோன வேதவாக்கியம் இருந்த இடத்தில் இன்று பெயர் தெரியாத விஞ்ஞானி உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு மாறாக ஆபஸ்தம்பர் நேர்மையானவர். கல்யாணச் சடங்குகளில் எஞ்சிய முறைகளைப் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி அவருடைய கிருஹ்ய சூத்திரம் சொல்கிறது. சொல்லாமல் விட்ட தர்மங்களைப் பெண்களிடமிருந்தும் எல்லா வர்ணத்தாரிடமிருந்தும் அறியலாம் என்று சிலர் கருதுவதாக அவருடைய தர்ம சூத்திரம் முடியும் இடத்தில் வருகிறது. சூத்திரக்காரரே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மீதியை அந்த அம்மாளிடம் கேள் என்று கைகாட்டுகிற இடம் அது. என்ன பொருள் என்று கேள் என்று அவர் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.

கேட்கப் போனவர்களும் இல்லாமல் இல்லை. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூலை எழுதி ஜெர்மனியில் ஹாலேவுக்கு அனுப்பினார். மாரியம்மன், அங்காளம்மன், ஐயனார் வரைக்கும் அதில் உண்டு. புறச்சமயத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், பரப்ப அல்ல என்கிற ரீதியில் அங்கே ஒதுக்கிவிட்டார்கள். அச்சேறியது 1867இல், சென்னையில். எட்கர் தர்ஸ்டன் 1912இல் தென்னிந்தியச் சகுனங்களையும் மூடநம்பிக்கைகளையும் தொகுத்தார். தலைப்பிலேயே தீர்ப்பை எழுதிவிட்டார். அமெரிக்காவில் ஹாரி மிடில்டன் ஹயட் என்ற ஆங்கிலிக்கப் பாதிரியார் தம் சொந்த வட்டாரமான இல்லினாய் மாநில ஆடம்ஸ் கவுண்டியில் வீட்டு நம்பிக்கைகளைச் சேகரித்து 1935இல் வெளியிட்டார். 10,000க்கும் மேற்பட்ட பதிவுகள், எண் போட்டு. பிறகு தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் மாந்திரீக வழக்கங்களைப் பற்றி 1,600 பேர் அளவில் விசாரித்து ஒலிப்பதிவு செய்து ஐந்து தொகுதிகளாக்கினார். தீர்ப்புச் சொல்லவில்லை, விளக்கம் திணிக்கவில்லை, சொன்னதைச் சொன்னபடி போட்டார். என் கணக்கில் இவர்களுள் ஹயட்தான் மேல். ஆனால் அவர் தொகுதிகளில் பேசுகிறவர்களுக்குப் பெயர் இல்லை. ஊரும் எண்ணும்தான். யாரிடம் கற்றார் என்ற சரடும் பெரும்பாலும் அறுந்துவிட்டது. அன்றைய நிலையில் பெயரை மறைத்தது அவர்களுக்குப் பாதுகாப்பாகக்கூட இருந்திருக்கலாம். ஆனாலும், வழக்கம் எந்த மனிதரிடமிருந்து பலம் பெற்றதோ அவர் இல்லாமல் படிக்கும்போது, பத்தாயிரம் பதிவும் மூலிகைக்கடைப் பட்டியலாகத்தான் தெரிகிறது.

அமெரிக்கர்கள் 1976இல் நாட்டார் வாழ்வைப் பாதுகாக்க ஒரு சட்டம் கொண்டுவந்து, காங்கிரஸ் நூலகத்தில் அதற்கென மையமும் வைத்தார்கள். அந்தச் சட்டம் வழக்காறுகள் வாழும் குழுக்களை அடுக்கும்போது குடும்பத்தை முதலில் வைத்து, இனம், தொழில், சமயம், வட்டாரம் என்று தொடர்கிறது. பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்தவர்களின் நாட்டில் குடும்பம் முதலில் வருவது இயல்புதான். ஆரணித் தறிக்கு முன்னால் நின்றால் அந்தப் பட்டியலே குழம்பும். அமாவாசையில் தறியை நிறுத்துவது தொழிலா, சமயமா, குடும்பமா?

என் வாதத்துக்கு வரக்கூடிய முதல் மறுப்பு படிப்பாளிகளிடமிருந்து. பொருளைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது வெறும் பட்டியல், தொ. பரமசிவன் ‘அறியப்படாத தமிழக’த்தில் உப்பையும் எண்ணெயையும் வைத்து எழுதியது இந்தப் பொருள் தேடல்தானே என்பார்கள். ஆமாம், அது பெரிய வேலை. ஆனால் தொ.ப. தேடியது வரலாறு. ஒரு பொருள் சமூகத்தில் எப்படி நடமாடியது என்று அவர் சொன்னார். பாட்டியின் மனசில் இருப்பது இதுதான் என்று சொல்லவில்லை. ஆய்வாளரின் விளக்கம் ஆய்வாளர் பெயரில் இருக்கட்டும், செய்கிறவர் பெயரில் ஏற்றக் கூடாது. இன்னொரு முனையில் ஃபிரிட்ஸ் ஸ்டால் நிற்கிறார். 1975இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் நடந்த அக்னிசயனம் என்ற வேத வேள்வியைப் பதிவு செய்தவர். சடங்குக்குப் பொருளே கிடையாது, விதிகள் மட்டும்தான் என்பது அவர் கட்சி. பாதி தூரம் அவரோடு போகலாம். பறவைகளின் பாட்டோடு அவர் சடங்கை ஒப்பிடும் இடத்தில் நான் இறங்கிக்கொள்வேன். பொருள் இல்லாமல் இருக்கலாம், ஆள் இல்லாமல் இல்லை. விதியைச் செய்கிறவள் அதை இன்னார் கொடுத்ததாகச் செய்கிறாள். நேர்ச்சைபோல அது ஓர் உறவுக் கடன்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு: காரணமுள்ள வழக்கங்களும் இருக்கின்றனவே. சமணர் இரவில் உண்ணாததற்குத் தெளிவான காரணம் உண்டு. இருட்டில் பூச்சிகள் உணவில் விழும், உயிர்க்கொலை நேரும். உண்மைதான். ஆனால் காரணத்தால் நிற்கும் விதி காரணத்தால் விழவும் வேண்டும். எல்.இ.டி. விளக்கும் கொசுவலை அடித்த ஜன்னலும் வந்த பிறகு என்ன செய்வது? மூடி வைத்த சாப்பாட்டில் பூச்சி விழாதே என்று ஒரு பேரன் வாதாடலாம், சாத்திரம் தெரிந்தவர் பதிலும் சொல்லலாம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். ஆனால் ஹைதராபாத்தில் வேலை பார்க்கிற பையன் அந்த விவாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்று பார்த்துவிட்டா ஐந்தரை மணிக்கு டிபன் பாக்ஸைத் திறக்கிறான்? சாத்திரக் காரணம் அந்த விதியைப் பிறப்பித்தது. வீட்டில் அது உயிரோடிருப்பதற்கு வேறொன்று வேண்டியிருக்கிறது. காரணத்தை மறுக்கலாம், தாத்தாவை எப்படி மறுப்பது? அவரை மறக்கத்தான் முடியும். வழக்கங்கள் வாதத்தில் தோற்றுச் சாவதில்லை. கொடுத்தவர் நினைவு போகிற அன்றைக்கு அவை போய்விடுகின்றன.

பகுத்தறிவாளரின் மறுப்பை இவ்வளவு லேசாகக் கடக்க முடியாது. ஏன் என்று கேள் என்று ஒரு நூற்றாண்டாகச் சொல்லிக்கொடுத்த மண்ணில், ஏன் என்று கேட்காதே என்பதா? கைம்பெண் எதிரே வரக் கூடாது, மாதவிலக்கானவள் மூலையில் இருக்க வேண்டும், இன்ன சாதிக்காரர் படியேறக் கூடாது என்பதும் ‘எங்க வீட்டு வழக்கம்’தானே? சரியான கேள்வி. அதிகாரத்தைப் பார்த்து ஏன் என்று கேட்பதை ஒருநாளும் விடக் கூடாது. ஆனால் சேகரிக்கிறவர் ஏன் என்று கேட்கும்போது நடப்பதைப் பாருங்கள். மாதவிலக்கு ஒதுக்கத்துக்கு ‘பெண்களுக்கு ஓய்வு வேண்டும் என்றுதான்’ என்கிற காரணம் கணத்தில் தயாராகிவிடுகிறது. கொடுமைக்குச் சலவை செய்த சட்டை மாட்டுகிற வேலையை அந்தக் கேள்வியே தொடங்கி வைக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், மாமியார் என்று வரும். அவருக்கு யார்? அவருடைய மாமியார். யார் நிறுத்தியது? செய்யாறு சிப்காட்டில் செருப்புக் கம்பெனி ஷிப்டுக்கு விடிகாலையில் வேன் ஏறுகிற மருமகள். மூன்று நாள் மூலையில் உட்கார அவளுக்கு நேரமில்லை. யார் மேல் சுமை ஏற்றப்பட்டது, யார் இறக்கி வைத்தார்கள் என்பது அந்தச் சங்கிலியில் பளிச்சென்று தெரியும். சீர்திருத்தக்காரருக்கும் அதுதான் உதவும். எழுதி வைப்பது சிபாரிசு ஆகாது.

பக்தர்களின் மறுப்பு வேறு மாதிரி. சொல்லக் கூடாதவை சில உண்டு, எழுதினால் பலிக்காது என்பார்கள். குலதெய்வத்துக்குப் போட்ட படையலை எல்லை தாண்டி எடுத்துவரக் கூடாது என்று விதியுள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அந்த விதியை வைத்திருப்பவர்கள் அதைப் பற்றிய பேச்சையும் அங்கேயே விட்டுவர விரும்பலாம். அமெரிக்கக் குழந்தையும் பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதும்போது நினைத்ததை வெளியே சொல்லாது, சொன்னால் நடக்காது. இந்த மறுப்புக்கு என்னிடம் பதில் வாதம் இல்லை, ஒப்புதல்தான். சொல்ல மாட்டேன் என்றவர் பெயரை எழுதி, பக்கத்தில் இடத்தைக் காலியாக விட வேண்டும். அதை ஊகத்தால் நிரப்புகிறவர் சேகரிப்பவர் அல்ல, களவாடுகிறவர்.

தனியாள் வழக்கங்கள் என் வாதத்துக்கு உண்மையான சோதனை. பரீட்சைக்கு ஒரே பேனா, புது வண்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், புத்தாண்டன்று அமெரிக்கத் தென் மாநிலத்து வீடுகளில் காராமணி. இவற்றில் சில நேற்று முளைத்தவை. கொடுத்த முன்னோர் யாருமில்லையே? ஒருவர் தனக்காகச் செய்துகொள்ளும் வரை அது பழக்கம்தான், அதில் மதம் எதுவும் இல்லை. இரண்டாவது ஆள், முதல் ஆள் செய்தார் என்பதற்காகவே அதைச் செய்யும்போது அது வழக்கமாகிறது. அக்காவின் பேனாவைத் தங்கை பரீட்சைக்கு வாங்கிப் போகிற நாளில் அக்கா ஒரு முன்னோராகிவிடுகிறாள். உயிரோடிருப்பவர்களும், பதினேழு வயதுக்காரர்களும் முன்னோராகலாம். இதை ஏற்றுக்கொண்டால் மதத்தின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் உதிரிச் சரக்காக வீட்டு வழக்கங்களைப் பார்க்க முடியாது. கோயிலும் நூலும் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்குக் கட்டுப்படுவது என்கிற மதத்தின் ஆதிச் செயல் அங்கேதான் தினமும் நடக்கிறது.

அமெரிக்காவில் ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பு 2015 முதல் நன்றி நவிலல் நாள் விடுமுறையில் மாணவர்களைத் தங்கள் வீட்டு மூத்தவர்களைப் பேட்டி எடுக்கச் சொல்கிறது. நமக்குப் பொங்கல் விடுமுறை இருக்கிறது. வந்தவாசி, ஆரணி, செய்யாறு பள்ளி ஆசிரியர்கள் அந்த நான்கு நாளுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கலாம். வீட்டில் ஒரு வழக்கத்தை எடுத்துக்கொள்ளட்டும். யார் சொல்லிக் கொடுத்தது, ஒருநாள் தவறிப்போனால் என்ன செய்வார்கள், இப்போது யார் செய்வதில்லை என்ற மூன்றை மட்டும் எழுதி வரட்டும். சொன்னவர் சம்மதித்தால் பெயரோடு. காரணம் என்ற தலைப்பில் யாராவது ஒரு பக்கம் எழுதி வந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுங்கள்.